களைக்கொல்லிகளை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி: நச்சு, தண்ணீர், சட்டம்

பாரகுவாட் என்ற களைக்கொல்லிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007இலிருந்து இடமில்லை. அமெரிக்காவில் அதை இன்றும் தெளிக்கிறார்கள். அட்ரசின் என்ற களைக்கொல்லியின் கதையும், ஆண்டு தவிர, அதுவே. கிளைபோசேட் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை சொல்கிறது. அதற்கு வாய்ப்பில்லை என்கிறது இ.பி.ஏ. எனப்படும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. இவற்றை அடுத்தடுத்துப் படிப்பவருக்கு, யாரோ பொய் சொல்கிறார்கள் என்றுதான் தோன்றும். பெரும்பாலும் விஷயம் அதுவல்ல. ஒவ்வொருவரும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். எந்தப் பதில் எந்தக் கேள்விக்கு உரியது என்று பிரித்துப் பார்த்துவிட்டால், இரண்டு மருந்துகளை அருகருகே வைத்து ஒப்பிடுவது ஒரு மணி நேர வேலை. ஒரு நோட்டு, ஒரு கால்குலேட்டர், மருந்தின் லேபிள், அதன் பாதுகாப்புத் தரவுத்தாள் இவை போதும்.

முதலில் லேபிள்

வணிகப் பெயரை மறந்துவிடுங்கள். ஒரே பெயரில் நாட்டுக்கு நாடு வேறு வேறு மருந்து விற்பதும் உண்டு, ஒரே மருந்து பத்துப் பெயரில் விற்பதும் உண்டு. உதாரணமாக, பல ஆண்டுகளாக கிளைபோசேட்டோடு சேர்த்தே அறியப்பட்ட ஒரு பெயரில், அமெரிக்க வீட்டுத் தோட்டச் சந்தையில் இப்போது வேறு வேதிப்பொருள்கள் வருகின்றன. ஆகவே நோட்டில் எழுத வேண்டியது செயல்படு பொருளின் (களையைக் கொல்லும் வேதிப்பொருளின்) பெயர், அதன் சதவீதம், எந்த உப்பாக அல்லது எஸ்டராக (அமிலம் ஆல்கஹாலோடு சேர்ந்த வடிவம்) இருக்கிறது, எந்த வடிவம், பதிவு எண், ஹெக்டேருக்கு எவ்வளவு, தெளித்தபின் எத்தனை மணி நேரம் உள்ளே போகக் கூடாது, அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும், நீர்நிலையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பவை.

சதவீதத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். 41 சதவீதக் கிளைபோசேட் திரவத்தைவிட 71 சதவீதக் குருணை அதிக வீரியம் என்பது சரி. ஆனால் எவ்வளவு அதிகம்? இரண்டும் வெவ்வேறு உப்புகள். திரவத்தில் இருப்பது ஐசோபுரொப்பைலமீன் உப்பு. அதன் எடையில் சுமார் 74 சதவீதம்தான் கிளைபோசேட் அமிலம். குருணையில் இருப்பது அம்மோனியம் உப்பு. அதில் சுமார் 91 சதவீதம். களையைக் கொல்வது அமிலம், உப்பின் மற்றப் பகுதி அல்ல. ஆகவே அமில அளவில்தான் ஒப்பிட வேண்டும். லிட்டருக்கு 480 கிராம் உப்பு உள்ள அந்த 41 சதவீதத் திரவத்தில் அமிலம் ஏறத்தாழ 356 கிராம். குருணையில் கிலோவுக்கு ஏறத்தாழ 645 கிராம். ஹெக்டேருக்கு 1 கிலோ அமிலம் போக வேண்டுமானால் திரவம் 2.8 லிட்டர், குருணை 1.55 கிலோ. திரவத்தின் அளவையே குருணைக்கும் வைத்துக்கொண்டால், தெரியாமலே ஏறத்தாழ இரண்டு மடங்கு அடித்துவிடுவோம்.

எல்லா மருந்துகளையும் இப்படி ஹெக்டேருக்கு இத்தனை கிராம் என்று மாற்றி எழுதிய பிறகுதான் ஒப்பீடு தொடங்குகிறது. மெட்சல்பியூரான் மெத்தில் ஹெக்டேருக்கு வெறும் 4 கிராம் போகும். கிளைபோசேட் 1 கிலோ போகும். 250 மடங்கு வித்தியாசம். இதை வைத்து முதலாவது 250 மடங்கு பாதுகாப்பு என்று சொல்லிவிட முடியாது. காரணம் பின்னால் வருகிறது.

உடனடி நச்சு: நிறமும் சொல்லும் ஏமாற்றும் இடம்

எல்.டி.50 என்பது சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவு. உடல் எடையில் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று தரப்படும். எண் சிறியதாக இருந்தால் நச்சு பெரிது. தரவுத்தாளில் 16 பகுதிகள் உண்டு. இந்த எண் 11ஆம் பகுதியில் இருக்கும். 2ஆம் பகுதியில் அபாய வகை, 8இல் கையுறை முதலிய பாதுகாப்பு, 12இல் மீன், தேனீ, நீர்த்தாவரம் பற்றிய விவரம்.

2,4-டி என்ற அகல இலைக் களைக்கொல்லியை எடுத்துக்கொள்வோம். அதன் செயல்படு பொருளுக்கு உலக சுகாதார நிறுவனப் பட்டியல் தரும் வாய்வழி எல்.டி.50 எண் 375. அந்தப் பட்டியலில் 50 முதல் 2000 வரை இரண்டாம் வகுப்பு, அதாவது 'மிதமான அபாயம்'. இந்திய விதிகளின்படி லேபிளில் இடும் நிற முக்கோணத்தில் 51 முதல் 500 வரை மஞ்சள், அதாவது 'அதிக நச்சு'. அங்கே 'மிதமான நச்சு' என்ற நீல முக்கோணம் 501இல் தொடங்கி 5000 வரை போகிறது. அமெரிக்க முறையில் 50 முதல் 500 வரை இரண்டாம் வகை. ஐ.நா.வின் உலகளாவிய வகைப்பாட்டு முறையில் 300 முதல் 2000 வரை நான்காம் வகை, வெறும் ஆச்சரியக்குறிப் படம். எண் ஒன்றே. ஆனால் ஓரிடத்தில் 'அதிகம்', இன்னோரிடத்தில் 'மிதம்'. ஆகவே இரண்டு நாட்டு லேபிள்களில் உள்ள சொற்களையோ நிறங்களையோ நேருக்கு நேர் ஒப்பிடவே கூடாது. எண்ணைத் தேடி எடுங்கள்.

புட்டியில் இருப்பது நூறு சதவீதப் பொருள் அல்லவே என்பதால், தயாரிப்பின் எல்.டி.50ஐத் தோராயமாகக் கணக்கிட ஒரு வழி உண்டு: செயல்படு பொருளின் எண்ணை 100ஆல் பெருக்கி, சதவீதத்தால் வகுக்க வேண்டும். 400 உள்ள பொருள் 20 சதவீதத் தயாரிப்பில் 2000 ஆகும். தயாரிப்பையே சோதித்த எண் கிடைத்தால் அதைத்தான் எடுக்க வேண்டும். ஏனென்றால் இந்தக் கணக்கு, இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் துணைப்பொருள்களைக் கண்டுகொள்வதில்லை. கிளைபோசேட்டில் சேர்த்து வந்த பி.ஓ.இ.ஏ. என்ற கொழுப்பமீன் வகை ஒட்டுபொருள், நீர்வாழ் உயிர்களுக்குக் கிளைபோசேட்டைவிட மோசமானது. ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் கிளைபோசேட் தயாரிப்புகளில் அதை மட்டும் தடை செய்தது. செயல்படு பொருளின் பெயரை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

எல்.டி.50 நம்மை ஏமாற்றும் இன்னொரு இடம் பாரகுவாட். எண்ணைப் பார்த்தால் அதுவும் 2,4-டியும் உலக சுகாதார நிறுவனப் பட்டியலில் ஒரே இரண்டாம் வகுப்பு. நடப்பில் இரண்டும் ஒன்றல்ல. பாரகுவாட் நுரையீரலில் சேர்ந்து அதை மெல்லச் சிதைக்கிறது. முறிமருந்து கிடையாது. தவறி ஒரு மடக்கு உள்ளே போனாலே உயிர் போகலாம் என்பதால்தான் நீலச் சாயம், கெட்ட வாடை, வாந்தி மருந்து எல்லாம் அதில் சேர்க்கிறார்கள். வேறு புட்டியில் ஊற்றி வைப்பது எந்த மருந்துக்கும் தப்பு. இதற்கு அது மன்னிக்க முடியாத தப்பு. ஆகவே எல்.டி.50க்குப் பக்கத்தில் எப்போதும் இரண்டு கேள்விகளை எழுதுங்கள்: விஷமேறினால் மருத்துவம் உண்டா? பாதிப்பு உடனே தெரியுமா, நாள் கழித்தா?

கண், தோல் பற்றிய குறிப்புகளுக்குத் தனிக் கட்டம் போடுங்கள். தரவுத்தாளில் எச்318 (H318) என்ற அபாயக் குறியீடு இருந்தால் கண்ணுக்குக் கடும் சேதம். 2,4-டியின் அமீன் உப்புகளுக்கு இது உண்டு. 'இயற்கையானது' என்று விற்கப்படும் 20 சதவீத அசிட்டிக் அமிலமும் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். எச்330 மூச்சில் போனால் மரணம், எச்351 புற்றுநோய்ச் சந்தேகம், எச்360 கருவுக்கும் இனப்பெருக்கத்துக்கும் தீங்கு, எச்410 நீர்வாழ் உயிர்களுக்கு நெடுநாள் நச்சு. இந்த ஐந்து குறியீடுகளையும் தெரிந்து வைத்திருந்தால் 2ஆம் பகுதியை ஒரு நிமிடத்தில் படித்துவிடலாம்.

நெடுநாள் பாதிப்பு: யார் எந்தக் கேள்வியைக் கேட்டார்?

2015 மார்ச்சில் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை கிளைபோசேட்டை 2ஏ பிரிவில் வைத்தது: மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது. அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வாய்ப்பு குறைவு என்றது. புற்றுநோய் ஆராய்ச்சி முகமை கேட்டது, "எந்த அளவிலாவது, எந்த நிலையிலாவது இது புற்றுநோய் உண்டாக்கும் தன்மை உடையதா?" என்று. அது பார்த்தது வெளியான ஆய்வுகளை மட்டும், விற்பனைத் தயாரிப்புகளில் செய்தவை உட்பட. ஒழுங்குமுறை அமைப்புகள் முக்கியமாகத் தூய செயல்படு பொருளைப் பார்த்தன. நிறுவனங்கள் சமர்ப்பித்த வெளியிடப்படாத ஆய்வுகளையும் சேர்த்துக்கொண்டன. மக்கள் உடலில் போகக்கூடிய அளவையும் கணக்கில் எடுத்தன. முன்னது அபாயம் இருக்கிறதா என்ற கேள்வி, பின்னது ஆபத்து எவ்வளவு என்ற கேள்வி.

2ஏ என்பது சான்று எவ்வளவு உறுதி என்பதற்கான பிரிவு, வீரியத்துக்கானது அல்ல. 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் குடிக்கும் பானங்களும் அதே பிரிவில்தான் இருக்கின்றன. 2,4-டி அதற்குக் கீழே 2பி. இதை வைத்து, கிளைபோசேட்டுக்குப் பதில் 2,4-டி அடிப்பது நல்லது என்று யாராவது முடிவெடுத்தால் அது பிசகு. அதே நேரம், இ.பி.ஏ.வின் முடிவையும் கேள்வியில்லாமல் ஏற்க வேண்டியதில்லை. 2022 ஜூனில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், கிளைபோசேட் பற்றிய அந்த முகமையின் இடைக்கால முடிவில் மனித உடல்நலம் பற்றிய பகுதியை ரத்து செய்தது. நோட்டில் இரு தரப்பையும் ஆண்டோடு எழுதுங்கள், ஒன்றை நீக்கிவிடாதீர்கள்.

தண்ணீருக்குள் போகுமா?

இதற்கு ஓர் அருமையான சிறு கணக்கு உண்டு. 1989இல் கஸ்டாஃப்சன் என்ற ஆய்வாளர் தந்தது. மருந்து மண்ணில் பாதியாகக் குறைய ஆகும் நாட்களையும், மண்ணின் கரிமப் பொருளோடு அது எவ்வளவு ஒட்டும் என்ற கே.ஓ.சி. எண்ணையும் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தின் இலவசப் பூச்சிக்கொல்லித் தரவுத்தளத்தில் கிடைக்கும். கால்குலேட்டரின் லாக் பொத்தானால் இரண்டுக்கும் மடக்கை எடுங்கள். 4இலிருந்து கே.ஓ.சி.யின் மடக்கையைக் கழித்து, நாட்களின் மடக்கையால் பெருக்குங்கள். விடை 2.8க்கு மேல் என்றால் நிலத்தடி நீருக்குள் இறங்கும். 1.8க்குக் கீழ் என்றால் இறங்காது. நடுவில் என்றால் மணலா களியா என்பதைப் பொறுத்தது.

அட்ரசின்: 60 நாள், கே.ஓ.சி. 100. மடக்கைகள் 1.78, 2. விடை 3.56. இறங்கும். கிளைபோசேட்: 47 நாள், 24,000. மடக்கைகள் 1.67, 4.38. விடை கழித்தல் 0.63. மண்ணே பிடித்துக்கொள்ளும். பெண்டிமெத்தலின்: 90 நாள், 5,000. விடை 0.59. ஆனால் இந்தக் கடைசி மருந்து மண்துகளோடு ஒட்டி மழை வெள்ளத்தில் ஓடைக்குப் போய் மீனைக் கொல்லும்; கணக்கு கீழே இறங்குவதை மட்டுமே சொல்கிறது, பக்கவாட்டில் ஓடுவதைச் சொல்வதில்லை. பாரகுவாட்டுக்குப் போட்டுப் பாருங்கள்: 1,000 நாள், 10 லட்சம். விடை கழித்தல் 6. தண்ணீரை மட்டும் பார்ப்பவருக்கு அது பட்டியலிலேயே ஆகச் சிறந்த மருந்து! ஒரே அளவுகோலை வைத்து ஒப்பிடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே மதிப்பெண்ணாக்கித் தரும் குறியீடுகளை நாங்கள் நம்பாததும் இதனால்தான்.

குடிநீர் வரம்புகளைப் படிக்கும்போதும் நிதானம் வேண்டும். அட்ரசினுக்கு ஐரோப்பிய வரம்பு லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம், அமெரிக்காவில் 3, உலக சுகாதார நிறுவன வழிகாட்டி அளவு 100. ஆயிரம் மடங்கு இடைவெளி. ஐரோப்பிய எண் நச்சைக் கணக்கிட்டு வந்ததல்ல. குடிநீரில் பூச்சிமருந்தே இருக்கக் கூடாது என்ற கொள்கையால் ஏறக்குறைய எல்லா மருந்துக்கும் ஒரே எண் வைத்திருக்கிறார்கள். மற்ற இரண்டும் உடல்நலக் கணக்கிலிருந்து வந்தவை.

மண்ணிலும் காற்றிலும்

4 கிராம் மெட்சல்பியூரானுக்கு வருவோம். உடல் நச்சு மிகக் குறைவு. ஆனால் அந்த 4 கிராமே களையைக் கொல்லும் என்றால், மிச்சமிருக்கும் கால் கிராமும் அடுத்த பயிரைத் தொட வல்லது. காரத்தன்மையுள்ள மண்ணில் இந்தக் குடும்ப மருந்துகள் மெதுவாகவே சிதையும். மண்ணின் கார அமில நிலை தெரியாமல் இவற்றை வாங்கக் கூடாது. லேபிளில் அடுத்த பயிருக்கான இடைவெளியை மாதக் கணக்கில் போட்டிருப்பார்கள்.

அமினோபைரலிட், குளோபைரலிட் இரண்டும் வேறு வழியில் வரும். புல்வெளியில் அடித்தது மாட்டின் வயிற்றில் சிதையாமல் சாணத்தோடு உரக்குழிக்குப் போய், தக்காளியையும் அவரை இனங்களையும் முறுக்கிவிடும். பிரிட்டனில் 2008இல் இப்படித் தோட்டங்கள் கெட்டு, அமினோபைரலிட் விற்பனை நிறுத்தி வைக்கப்பட்டது. சந்தேகமான எருவைச் சோதிக்க, எருவும் சுத்தமான மண்கலவையும் சரிபாதி கலந்து மூன்று தொட்டி, கலவை மட்டும் மூன்று தொட்டி வையுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று அவரை விதை ஊன்றி, மூன்று வாரம் பாருங்கள். எரு கலந்த தொட்டிகளில் மட்டும் புது இலை கிண்ணம்போல் குவிந்து தண்டு முறுக்கினால், அந்த எரு காய்கறிப் பாத்திக்கு ஆகாது. வடிநீர் ஒன்றோடொன்று கலக்காமல் தொட்டிகளைத் தள்ளி வைக்க வேண்டும். இதில் கோட்டைவிட்டால் ஆறு தொட்டியும் ஒரே மாதிரி முறுக்கும்.

காற்றில் போவது இரண்டு விதம். துளியாகப் போவது ஒன்று. அதை நாசிலும் வேகமும் கட்டுப்படுத்தும்: பூச்சிமருந்துக்கான கூம்பு நாசிலை எடுத்துவிட்டுத் தட்டை விசிறி நாசில், குறைந்த அழுத்தம், காற்று மணிக்கு 3 முதல் 15 கிலோமீட்டருக்குள். காற்றே இல்லாத அதிகாலை நல்லது என்று நினைப்பார்கள். அப்போது தரையோடு குளிர்காற்று தேங்கி நிற்கும்; நுண்துளிகள் கீழே இறங்காமல் மிதந்து தொலைவுக்குப் போகும். இன்னொன்று ஆவியாகப் போவது, தெளித்து மறுநாள்கூட. 2,4-டியில் எஸ்டர் வகை ஆவியாகும், அமீன் வகை மிகக் குறைவு. பக்கத்தில் பருத்தி, திராட்சை, தக்காளி இருந்தால் எஸ்டரை ஒப்பீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். டைகாம்பா என்ற களைக்கொல்லியிலும் இதே தொல்லை. நின்ற பயிரின் மேல் அதை அடிக்க அமெரிக்காவில் தந்த அனுமதியை நீதிமன்றங்கள் 2020இலும் 2024இலும் ரத்து செய்தன.

சட்ட நிலை: சொல்லை விட்டுக் காரணத்தைத் தேடுங்கள்

'தடை' என்ற ஒரே சொல்லுக்குள் பல காரணங்கள் ஒளிந்திருக்கும். அட்ரசினை ஐரோப்பா 2004இல் நீக்கியது நிலத்தடி நீரில் அது 0.1ஐத் தாண்டியதால். எஸ்-மெட்டலாக்குளோருக்கு 2024 ஜனவரியில் புதுப்பித்தல் மறுக்கப்பட்டதிலும் நிலத்தடி நீர் முக்கியக் காரணம். குளுஃபோசினேட்டின் ஒப்புதல் 2018 ஜூலையில் முடிந்துபோனது. இனப்பெருக்கத்துக்குத் தீங்கானது என்ற 1பி வகைப்பாடு அதன் மேல் இருந்தது. பாரகுவாட் ஒப்புதலை 2007இல் ரத்து செய்தது நீதிமன்றம்; பார்க்கின்சன் நோயோடு தொடர்பு பற்றிய ஆய்வுகள் மதிப்பீட்டில் கணக்கில் எடுக்கப்படாதது அது சுட்டிய குறைகளில் ஒன்று. டி.சி.பி.ஏ. என்ற களைக்கொல்லியை இ.பி.ஏ. 2024 ஆகஸ்டில் அவசர ஆணையால் நிறுத்தியது, வயிற்றில் உள்ள குழந்தையின் தைராய்டு பாதிக்கப்படும் என்பதற்காக. கடைசிக் காரணம் எந்த நாட்டுக் கர்ப்பிணிக்கும் பொருந்தும். நிலத்தடி நீர்க் காரணம் மணல் மண்ணும் மேலாக நீரும் உள்ள இடத்தில் முழுதாகப் பொருந்தும், ஆழ நீரும் களிமண்ணும் உள்ள இடத்தில் குறைவாக.

சட்டங்களின் அடிப்படையே வேறு. ஐரோப்பாவின் 1107/2009 ஒழுங்குவிதியின்படி, ஒரு பொருள் நிரூபணமான அல்லது அப்படிக் கருதத்தக்க புற்றுநோய்க் காரணி, கருவைக் கெடுப்பது, ஹார்மோனைக் குலைப்பது என்றால், அளவு எவ்வளவு என்று பார்க்காமல் கதவு மூடப்படும். விதிவிலக்குகள் மிகக் குறுகியவை. அமெரிக்கச் சட்டம் தீமையையும் பயனையும் எடைபோடுகிறது. உணவு எச்சத்தில் மட்டும் 1996 முதல் குழந்தைகளுக்காகப் பத்து மடங்கு கூடுதல் பாதுகாப்பு. இந்தியாவில் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம், எந்தப் பயிருக்கு எந்தக் களைக்கு என்று பதிவு செய்கிறது; லேபிளில் இல்லாத பயிருக்கு அடிப்பது அனுமதியற்ற பயன்பாடு.

'அனுமதி' என்பதற்கும் அடுக்குகள் உண்டு. கிளைபோசேட்டுக்கு ஐரோப்பிய ஒப்புதல் 2033 டிசம்பர் வரை இருக்கிறது. ஆனாலும் பிரான்சில் வீட்டுத் தோட்டக்காரர்கள் 2019இலிருந்து அதை வாங்க முடியாது. இந்தியா 2022 அக்டோபரில் அதைப் பூச்சி ஒழிப்புப் பணியாளர் வழியாக மட்டும் பயன்படுத்த வேண்டும் என்று அறிவித்தது. அமெரிக்காவில் பாரகுவாட், பயிற்சி பெற்று உரிமம் உள்ளவருக்கு மட்டும். ஆகவே நோட்டில் 'அனுமதி உண்டா' என்று எழுதாமல் 'யாருக்கு, எதற்கு, எந்தத் தேதி வரை' என்று எழுதுங்கள். ஒரு நாட்டில் தயாராவதை வைத்து அங்கே அனுமதி உண்டு என்றும் நினைக்கக் கூடாது: சீனா 2016இல் திரவப் பாரகுவாட்டை உள்நாட்டில் நிறுத்தியது, ஏற்றுமதியை நிறுத்தவில்லை.

சல்லடை: கையில் படும் அளவு

2.8 லிட்டரை 400 லிட்டர் நீரில் கலந்தால் லிட்டருக்கு 7 மில்லி. அப்படியானால் புட்டியில் இருப்பது டேங்கில் இருப்பதைவிட 140 மடங்குக்கு மேல் அடர்த்தி. ஆபத்து மிகுந்த நேரம் தெளிக்கும் நேரம் அல்ல, மூடி திறந்து அளந்து ஊற்றும் அந்த இரண்டு நிமிடம். அந்த நேரத்தில் நைட்ரில் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். துணிக் கையுறையும் தோல் கையுறையும் மருந்தை உறிஞ்சி நாள் முழுக்கத் தோலோடு வைத்திருக்கும். அதற்கு வெறுங்கையைக் கழுவுவதே மேல்.

ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் நடத்தை நெறியில் ஒரு வரி உண்டு: அணியச் சிரமமான, விலை அதிகமான அல்லது எளிதில் கிடைக்காத பாதுகாப்பு உடை தேவைப்படும் மருந்துகளை, குறிப்பாக வெப்ப நாடுகளின் சிறு விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் தவிர்க்க வேண்டும். நாங்கள் இதையே முதல் சல்லடையாக வைத்திருக்கிறோம். தரவுத்தாளின் 8ஆம் பகுதி கேட்கும் உடையை, தெளிக்கப்போகிறவர் அந்த வெயிலில் நிஜமாகவே போடுவாரா? போட மாட்டார் என்றால், மற்ற எண்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த மருந்தைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். பிறகு விஷமேறினால் மருத்துவம் இல்லாதவற்றையும், எச்360 உள்ளவற்றையும் நீக்குங்கள். அதன்பின் கிணறும் ஓடையும் அருகில் இருந்தால் கஸ்டாஃப்சன் எண் 2.8க்கு மேற்பட்டவை. அடுத்து, பக்கத்துப் பயிரையும் அடுத்த பயிரையும் தொடுபவை. மிஞ்சுவது பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். ஒன்றுமே மிஞ்சாவிட்டால் அதுவும் ஒரு முடிவே: அந்த இடத்துக்குக் களைவெட்டி, மூடாக்கு, கை.

தேர்ந்தெடுத்ததற்குத் தனித் தெளிப்பான் வைத்துக்கொள்ளுங்கள். 2,4-டி அடித்த டேங்கை ஒரு முறை அலசிவிட்டு அதிலேயே தக்காளிக்குப் பூச்சிமருந்து அடித்தால், குழாயிலும் வடிகட்டியிலும் ஒட்டியிருந்ததே செடியைச் சுருட்டப் போதும். காலிப் புட்டியை மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பு டேங்கிலேயே ஊற்றி, புட்டியில் துளை போட்டுவிடுங்கள். லேபிளின் ஒரு படத்தை அலைபேசியில் வைத்திருங்கள். விபத்து நேர்ந்தால் மருத்துவர் முதலில் கேட்பது செயல்படு பொருளின் பெயரைத்தான். நோட்டின் மேல் தேதி போட மறக்காதீர்கள்: சட்ட நிலைப் பகுதியை அடுத்த பருவத்துக்கு வாங்கும் முன் மறுபடி சரிபார்க்க வேண்டும்.